எழுதாத சட்டமும் எழுதிய கணக்கும்

2024 மே 28-ஆம் தேதி அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் தன் கணக்குப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டது. 1920 முதல் 1948 வரை கறுப்பர்கள் ஆடிய நீக்ரோ லீக் ஆட்டங்களின் எண்கள் அன்று முதல் அதிகாரபூர்வமான எண்களாயின. இறந்து ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்ட ஸாச்செல் பேஜ் என்ற பந்தெறிபவரின் பெயருக்கு எதிரே அதுவரை 28 வெற்றிகள் இருந்தன. திருத்தத்துக்குப் பின் 125. பேஜ் உயிரோடிருந்தபோது சொல்லிவந்த கணக்கு வேறு. ஏறக்குறைய 2500 ஆட்டங்கள், அவற்றில் 2000 வெற்றிகள்.

இந்த மூன்று எண்களில் எது சரி என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. 28 என்பது அவரை உள்ளே விட்ட பிறகு ஸ்தாபனம் எண்ணியது. 125 என்பது ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகைகளிலிருந்து தேடி மீட்டதையும் சேர்த்தது. 2000 என்பது, எண்ணுவதற்கு யாரும் இல்லாத ஒருவர் தாமே எண்ணிக்கொண்டது. எண்கள் மூன்றும் ஒரே மனிதருடைய உழைப்பைத்தான் குறிக்கின்றன. ஆனால் ஒன்று இன்னொன்றின் திருத்தம் அல்ல. சரித்திரத்தில் இடம் மறுக்கப்பட்டவனுக்குப் பின்னால் இடம் கொடுப்பது என்றால் என்ன, எதைக் கொடுக்க முடியும், எதை முடியாது என்ற விஷயத்தை இந்த ஒரு வாழ்க்கையை வைத்து ஓரளவு யோசித்துப் பார்க்கலாம் என்று படுகிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். பேஸ்பாலில் பந்தெறிபவர் (பிட்ச்சர் என்பார்கள்) ஓடி வருவதில்லை. சிறிய மண்மேட்டின்மேல் நின்றபடி, அறுபதரை அடி தள்ளி நிற்கும் மட்டையாளனுக்குப் பந்தைத் தரையில் படாமல் எறிகிறார். அடிக்கத் தோதான எல்லைக்குள் வரும் பந்தை மட்டையாளன் விட்டுவிட்டாலோ, வீசித் தவறினாலோ அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவன் அவுட். எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால், அடிக்காமலேயே அவன் முதல் தளத்துக்கு நடந்து போகலாம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அணி ஜெயித்தாலும் தோற்றாலும் அது ஒரு பிட்ச்சரின் பெயரில் தனியாக எழுதப்படும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சருக்கு வெற்றி எழுதவேண்டுமானால் அவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸாவது எறிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வருகிறது.

இனி, எழுதப்படாத விதி. 1884-இல் டொலீடோ அணியில் மோஸஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் மேஜர் லீக்கில் ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகு 1947 வரை அந்த லீக்குகளில் கறுப்பரே இல்லை. இதற்கென்று மேஜர் லீக்குகளின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அணி முதலாளிகளுக்கிடையே ஒரு புரிதல் இருந்தது, அவ்வளவுதான். 1920 முதல் 1944 வரை கமிஷனராக இருந்த கென்னஸா மௌன்டன் லாண்டிஸ், 1942-இல் இது பற்றிப் பேச்சு எழுந்தபோது, கறுப்பர்களைத் தடுக்கும் விதியோ புரிதலோ எதுவும் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை என்று பகிரங்கமாகவே அறிவித்தார். எழுத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது வாஸ்தவம்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வெளியே நிறுத்தியது வாய்மொழி. ஆனால் வெளியே நின்றவனிடம் பின்னால் கேட்கப்பட்ட ஆதாரம் எழுத்து. ‘பெரிய ஆட்டக்காரன் என்கிறாய், எண்கள் எங்கே?’ அதிகாரத்தின் வாய்மொழிக்கு ஆவணம் தேவைப்படவில்லை. அது நடந்துகொண்டிருந்தது என்பதே அதற்கு ஆவணம். அதிகாரம் இல்லாதவனின் வாய்மொழி மட்டும் கட்டுக்கதை ஆயிற்று. ஆவணம் நடுநிலையானது, வாய்மொழி சார்புடையது என்ற நம் சரித்திரப் பாடம் இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

லீராய் ராபர்ட் பேஜ் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்தில் 1906 ஜூலை 7 அன்று பிறந்தார். பெயரிலேயே கதை தொடங்கிவிடுகிறது. ஸாச்செல் என்றால் தோளில் மாட்டும் பயணப் பை. ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கிப் பிழைத்த சிறுவன், ஒரு கழியில் கயிறு கட்டி ஒரே தடவையில் பல பைகளைச் சுமந்ததால் வந்த பெயர் என்பது பேஜ் சொன்னது. ஒரு பையைத் திருடப் போய் அகப்பட்டதால் வந்தது என்பது அவருடைய பால்ய சிநேகிதர் ஒருவர் சொன்னது. வயது விஷயமும் இப்படித்தான். பிறந்த தேதியைக் குறித்துவைத்திருந்த பைபிளை வீட்டு ஆடு தின்றுவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மொபீலின் பிறப்புப் பதிவு என்னவோ அப்படியே இருந்தது. தம் வயதைப் புதிராக வைத்துக்கொள்வதில் லாபம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வயது தெரியாத ஆட்டக்காரனைப் பார்க்கக் கூட்டம் வரும்.

1918 ஜூலையில், பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் போகாததற்காகவும் சில்லறைத் திருட்டுக்காகவும் மௌன்ட் மெக்ஸ் என்ற இடத்திலிருந்த கறுப்புச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அவரை அனுப்பினார்கள். ஐந்தரை வருஷம் அங்கே இருந்தார். எட்வர்ட் பர்ட் என்ற பயிற்சியாளர் அங்கேதான் அவருக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுத்தார். காலை உயரத் தூக்கி, பந்து எங்கிருந்து வருகிறது என்று மட்டையாளனுக்குத் தெரியாமல் மறைத்து, உடல் முழுவதையும் முன்னால் தள்ளி எறியும் முறை. ஐந்து வருஷ சுதந்திரத்தைக் கொடுத்துப் பந்தெறியக் கற்றுக்கொண்டேன் என்ற கருத்தில் பேஜ் பின்னால் பேசியிருக்கிறார். இதைச் சிறைக்கு நன்றி சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நடந்த வியாபாரத்தின் விலையைச் சொல்கிறார்.

1926-இல் சாட்டனூகாவில் தொழில்முறை ஆட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் பர்மிங்ஹாம் பிளாக் பாரன்ஸ். முப்பதுகளின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ். அதன் முதலாளி கஸ் கிரீன்லீ சட்டவிரோத எண் சூதாட்டத்தில் சம்பாதித்த பணத்தில் அணி நடத்தினார். கறுப்பர்களுக்கு வங்கி கடன் தராத நாட்டில் கறுப்பு பேஸ்பாலுக்கு வேறு எங்கிருந்து மூலதனம் வரும்? 1935-இல் வடக்கு டகோடாவின் பிஸ்மார்க் என்ற சிற்றூரில் ஒரு கார் வியாபாரி நடத்திய அணியில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடினார்கள். பேஜ் அதில் எறிய, விச்சிடாவில் நடந்த தேசிய அரைத்தொழில்முறைப் போட்டியில் அந்த அணி ஜெயித்தது. மேஜர் லீக்கில் நிறத்தடை உடைவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இது. ஆனால் மேஜர் லீக்கின் கணக்கிலும் வராது, நீக்ரோ லீக்கின் கணக்கிலும் வராது.

இந்தத் தொழிலின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. நீக்ரோ லீக் அணிகளின் வருமானத்தில் லீக் ஆட்டங்கள் ஒரு பகுதிதான். மற்ற நாட்களில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், உள்ளூர் அணிகளோடும், ஆலை அணிகளோடும், மேஜர் லீக் சீஸன் முடிந்தபின் வெள்ளை நட்சத்திரங்களோடும் காட்சி ஆட்டம் ஆடிக் கிடைத்ததுதான் சோறு. 1934-இல் டிஸ்ஸி டீனோடும் 1946-இல் பாப் ஃபெல்லரோடும் பேஜ் இப்படிச் சுற்றியிருக்கிறார். 1936-இல், யாங்கீஸ் அணியில் சேரப்போகும் சமயத்தில், ஜோ டிமாஜியோ கலிஃபோர்னியாவில் பேஜை எதிர்கொண்டார். தான் சந்தித்த பிட்ச்சர்களில் இவரே சிறந்தவர் என்று பிற்பாடு சொன்னார். வெள்ளை ஆட்டக்காரர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. கூலி வாங்கிக்கொண்டு அதோடு சேர்ந்து ஆடினார்கள். ஏப்ரல் வந்ததும் அவரவர் லீக்குக்குத் திரும்பினார்கள்.

கூட்டம் வருவது பேஜுக்காக. எனவே அவர் தினமும் எறிய வேண்டும். தினமும் ஒன்பது இன்னிங்ஸ் எறிய எந்தக் கையாலும் முடியாது. எனவே மூன்று இன்னிங்ஸ். டிக்கெட் வாங்கியவர்கள் அவரைப் பார்த்துவிடுவார்கள், அவர் அடுத்த ஊருக்குப் புறப்படுவார். நாற்பதுகளில் கான்ஸஸ் ஸிட்டி மோனார்க்ஸ் அணியில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஆட்டத்தைத் தொடங்கியவருக்கு, முன்னே சொன்ன விதிப்படி, வெற்றி எழுத முடியாது. அந்தக் கணக்குமுறை ஒரே அணியில், ஒரே லீக்கில், முழு ஆட்டம் ஆடும் வசதியுள்ளவனுக்காக ஏற்பட்டது. பேஜின் வாழ்க்கை அப்படி இருக்க அனுமதிக்கப்படவில்லை. 2000 என்று அவர் சொன்னது மிகையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மிகை, எந்தப் பத்தியிலும் எழுதமுடியாத ஓர் உழைப்பை எப்படியாவது எண்ணாகச் சொல்லிவிடும் முயற்சி.

இதையெல்லாம் சொல்லும்போது வாய்மொழியைப் புனிதமாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒடுக்கப்பட்டவன் சொல்வது எல்லாமே உண்மை என்று ஏற்பதும் அவனை மதிக்காததன் இன்னொரு வகைதான். எனவே பேஜின் கதைகளில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கதை 1942 செப்டம்பரில், பிட்ஸ்பர்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் நடந்தது. நீக்ரோ உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். எதிரணி ஹோம்ஸ்டெட் க்ரேஸ். அதில் ஜாஷ் கிப்ஸன், கறுப்பு பேஸ்பாலின் மிகப் பெரிய மட்டையாளன், பேஜின் பழைய சகா. இருவர் அவுட், ஒருவன் தளத்தில். பேஜ் அடுத்த இருவரை வேண்டுமென்றே நடக்கவிட்டுத் தளங்களை நிரப்பினார், கிப்ஸனை எதிர்கொள்வதற்காகவே. ஒவ்வொரு பந்தும் எப்படி வரப்போகிறது என்று கிப்ஸனிடமே சொல்லிவிட்டு மூன்றே பந்தில் அவரை அவுட்டாக்கினார். முதல் தளத்தில் நின்ற பக் ஓநீல் இந்தக் கதையைத் தம் தொண்ணூறாவது வயதைத் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்துப் பத்திரிகை வர்ணனைகளில் ஸ்ட்ரைக் அவுட் இருக்கிறது. வேண்டுமென்றே நடக்கவிட்டது இல்லை. தளங்கள் நிறைந்தது மட்டையாளர்கள் அடித்த அடிகளால். அதாவது பேஜ் அன்று இக்கட்டில் மாட்டினார், கிப்ஸனை அவுட்டாக்கி அதிலிருந்து மீண்டார். கதை, மாட்டிக்கொண்டதை மாற்றி, தானே தேர்ந்துகொண்டதாக ஆக்கிவிட்டது.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்கினால் விளங்காமல் போவது ஒன்று உண்டு. தன் வாழ்க்கையில் எதையுமே தேர்ந்துகொள்ள விடப்படாத ஒரு தலைமுறை, தன் மிகச் சிறந்த தருணத்தைத் தேர்வாக மாற்றிச் சொல்லியிருக்கிறது. ஆபத்து வந்தது என்று சொல்லாமல், ஆபத்தை நாங்களே அழைத்தோம் என்று சொல்கிறது. நடந்தது இன்னது என்பதற்கு இது சாட்சி ஆகாது. சொன்னவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பத்திரிகைச் செய்தியும் வேண்டும், ஓநீலின் கதையும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை அழிக்காமல், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் படிக்கத் தெரிய வேண்டும். சரித்திரம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது கதை இவ்வளவு சுலபமாக மன்னிக்கக் கூடியது அல்ல. 1937-இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து ஆட்கள் பணப் பெட்டியோடு வந்தார்கள். தலைநகருக்கு அப்போது ஸர்வாதிகாரி ரஃபேல் த்ருஹில்லோவின் பெயர், ஸியுடாட் த்ருஹில்லோ. அந்த ஊர் அணிக்கு ஆட பேஜ் போனார். கிப்ஸன், கூல் பாப்பா பெல் முதலியோரும் போனார்கள். கிராஃபோர்ட்ஸ் அணி அதிலிருந்து மீளவே இல்லை. அணி பட்டம் வென்றது. பேஜ் அதைப் பிறகு ஒரு வேடிக்கைக் கதையாக்கினார். மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள். தோற்றால் உயிர் போகும். ஜெயித்தால்தான் ஜனாதிபதிக்குத் தேர்தலில் வெற்றி. 1930 முதல் நாட்டையே கைக்குள் வைத்திருந்த த்ருஹில்லோவுக்குத் தேர்தலில் ஜெயிக்க பேஸ்பால் தேவைப்படவில்லை. அதே 1937 அக்டோபரில் அவர் உத்தரவின்பேரில் ஹெய்ட்டி எல்லைப் புறத்தில் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டியக் கறுப்பர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பேஜும் மற்றவர்களும் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு இதில் பங்கு இல்லை. ஆனால் 1962-இல் சுயசரிதை வெளிவந்தபோது உலகத்துக்கே இது தெரிந்திருந்தது. வேடிக்கைக் கதையில் மட்டும் த்ருஹில்லோ ஒரு கோமாளி ஸர்வாதிகாரியாகவே நின்றுவிட்டார். சிரிக்க வைக்கத் தெரிந்த கதை, சிரிப்புக்குள் அடங்காததை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளும் விஷயத்தில் வாய்மொழியும் ஆவணத்துக்குச் சளைத்தது இல்லை.

கதையின் நிழல் இன்னும் அருகிலேயும் விழுந்தது. மோனார்க்ஸில் பேஜ் மூன்று இன்னிங்ஸ் எறிந்துவிட்டுப் போனபின் மிச்ச ஆறு இன்னிங்ஸ் எறிந்தவர் பல நாட்களில் ஹில்டன் ஸ்மித். பேஜுக்குச் சமமானவர் என்று எதிரணிகளே மதித்தவர். கதை சொல்லத் தெரியாதவர். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஸ்மித்துக்கு இடம் கிடைத்தது 2001-இல், இறந்து பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு.

1938-இல் மெக்ஸிகோவில் பேஜின் தோள் செத்துப்போயிற்று. இனி எறிய முடியாது என்றார் டாக்டர். மோனார்க்ஸ் முதலாளி ஜே. எல். வில்கின்ஸன் அவரை எடுத்து, இரண்டாம்பட்ச அணியோடு ஊர் ஊராக அனுப்பினார். பெயரை வைத்துக் கூட்டம் சேர்க்கலாம் என்பது திட்டம். 1939-இல் கை திரும்பி வந்தது. வேகம் குறைந்திருந்தது. எனவே பேஜ் வேறு பந்துகளைக் கற்றுக்கொண்டார். இதைப் பற்றிக் கதைகள் குறைவு. முப்பத்து மூன்று வயதில் ஒருவர் தம் கலையை அடியிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டது, அவர் சொன்ன எல்லாக் கதைகளையும்விடப் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இறங்கினார். அவர் 1945-இல் மோனார்க்ஸில் பேஜின் சகா. அதற்கு மூன்று மாதம் முன்னால் ஜனவரி 20 அன்று ஜாஷ் கிப்ஸன் முப்பத்தைந்து வயதில் இறந்துபோயிருந்தார். முதல் ஆளாகத் தம்மைக் கூப்பிடவில்லை என்ற வருத்தம் பேஜுக்கு இருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. சுவரை இருபது வருஷமாக இடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர், திறந்த வாசல் வழியே முதலில் நுழைந்தவர் வேறொருவர். ஆனால் ராபின்ஸன் நுழைந்தபோது பட்ட அவமானங்களை நினைத்தால் வாசல் திறந்தேதான் இருந்தது என்றும் சொல்ல முடியாது.

1948 ஜூலை 7 அன்று, நாற்பத்திரண்டாவது பிறந்த நாளில், கிளீவ்லாண்ட் அணி முதலாளி பில் வெக் பேஜை ஒப்பந்தம் செய்தார். ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ பத்திரிகை ஆசிரியர் டெய்லர் ஸ்பிங்க், இது லீக்கின் தரத்தைக் கேலி செய்வது, வெள்ளையராக இருந்தால் இந்த வயதில் இவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எழுதினார். வெள்ளையராக இருந்திருந்தால் இருபத்தைந்து வருஷம் முன்பே வந்திருப்பார் என்பது வெக்கின் பதிலின் சாரம். ஸ்பிங்கின் வாதம் ஸ்வாரஸ்யமானது. தடுத்துவைத்ததால் ஏற்பட்ட தாமதமே தடுத்துவைப்பதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

பேஜ் அந்த அரைப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள் ஜெயித்து ஒன்று தோற்றார். ஆகஸ்ட் 20 அன்று கிளீவ்லாண்டில் 78,382 பேர் பார்க்க, எதிரணிக்கு ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டம் எறிந்தார். உலகத் தொடரில் எறிந்த முதல் கறுப்புப் பிட்ச்சர் ஆனார். அதே பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. எறியும் நடுவில் கால் ஊன்றியபின் ஒரு கணம் நிறுத்தி, மட்டையாளனின் தாளத்தைக் கலைத்து, பிறகு பந்தை விடும் ஓர் எறி அவரிடம் இருந்தது. நீக்ரோ லீக்கில் பல வருஷமாகச் செல்லுபடியான எறி. அமெரிக்கன் லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ் அது செல்லாது என்றார். ஆளை உள்ளே விட்டாயிற்று. அவர் கொண்டுவந்ததில் ஒன்றை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அனுமதி என்பது அநேகமாக இப்படித்தான் வருகிறது.

1951 முதல் 1953 வரை ஸெயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ். 1952-இல், நாற்பத்தாறு வயதில், 12 வெற்றிகள். பிறகு சிறிய லீக்குகள், மறுபடி ஊர் ஊராக ஆட்டம்.

1965 செப்டம்பர் 25. கான்ஸஸ் ஸிட்டி அதலெட்டிக்ஸின் முதலாளி சார்லி ஃபின்லிக்கு மைதானம் காலியாகக் கிடந்தது. ஐம்பத்தொன்பது வயது பேஜை ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். மைதான ஓரத்தில் ஒரு ஆடும் நாற்காலி, பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ். கிழவனை வைத்துக் காட்டும் வேடிக்கை. பேஜ் நாற்காலியில் உட்கார்ந்தார், நர்ஸையும் ஏற்றுக்கொண்டார். வேடிக்கையை மறுத்துப் பிழைக்க அவருக்கு என்றுமே முடிந்ததில்லை. பிறகு எழுந்து போய் பாஸ்டன் ரெட் ஸாக்ஸுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். ஒரே ஒரு அடி, கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அடித்தது. ஓட்டம் எதுவும் இல்லை. அன்று வந்திருந்தவர்கள் 9,289 பேர். அவர் வெளியேறியதும் விளக்குகளை அணைத்தார்கள். ஜனங்கள் தீக்குச்சி கிழித்துப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். வேடிக்கை, வேடிக்கை காட்டியவர்களின் கையைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் மூன்று இன்னிங்ஸ்தான். வெற்றி எழுத முடியாது.

1968-இல் அவருடைய நிலை இது: மேஜர் லீக் ஓய்வூதியம் கிடைக்க இன்னும் 158 நாள் பணிக்கணக்கு தேவை. நாற்பது வருஷம் பந்தெறிந்தவருக்கு 158 நாள் குறைவு. அட்லாண்டா பிரேவ்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டு அந்த நாட்களை நிரப்பியது. எண்கள் வெறும் எண்கள் அல்ல என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டாம். கணக்கில் வராதது புகழ் மட்டும் அல்ல, வாடகையும் மருந்தும்கூட.

1971 பிப்ரவரியில் புகழ் மண்டபம் அவரை ஏற்பதாக அறிவித்தது. நீக்ரோ லீக்காரர்களுக்கென்று தனிப் பகுதியில். மேஜர் லீக்கில் பத்து வருஷம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதியே காரணமாகச் சொல்லப்பட்டது. எழுதாத சட்டத்தால் வெளியே நிறுத்தியாயிற்று, இப்போது எழுதிய சட்டத்தைக் காட்டித் தனி அறை. எதிர்ப்பு எழுந்தது, மண்டபம் பின்வாங்கியது. ஆகஸ்ட் 9 அன்று மற்றவர்களோடு சமமாகவே அவர் சேர்க்கப்பட்டார். இரண்டாந்தரக் குடிமகன் இரண்டாந்தர அமரன் ஆக்கப்பட்டதாக அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1982 ஜூன் 8 அன்று கான்ஸஸ் ஸிட்டியில் இறந்தார்.

1969-இல் மேஜர் லீக் ஒரு குழு போட்டு, சரித்திரத்தில் எந்தெந்த லீக்குகள் மேஜர் லீக்குகள் என்று தீர்மானித்தது. ஆறு லீக்குகள் தேர்ந்தன. நீக்ரோ லீக்குகள் நிராகரிக்கப்படவில்லை, பரிசீலனைக்கே வரவில்லை. அதற்கடுத்த வருஷம் ராபர்ட் பீட்டர்ஸனின் நூல் வந்தது. ஜான் ஹால்வே முதலியவர்கள் முதிய ஆட்டக்காரர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் ‘சிகாகோ டிஃபெண்டர்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற கறுப்பர் வாரப் பத்திரிகைகளின் சுருள்களைப் பக்கம் பக்கமாகப் படித்து ஆட்டக் கணக்குகளைச் சேகரித்தார்கள். சம்பளம் இல்லாத வேலை, பல பத்தாண்டுகள். 2020 டிசம்பரில் மேஜர் லீக் ஏழு நீக்ரோ லீக்குகளை ஏற்றதும், 2024-இல் எண்களைச் சேர்த்ததும் இந்த உழைப்பின்மேல்தான். 3400-க்கு மேற்பட்டவர் ஆடிய லீக்குகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆட்டங்களின் கணக்கு கிடைத்திருக்கிறது. ஜாஷ் கிப்ஸனின் வாழ்நாள் மட்டைச் சராசரி, .372, டை காபின் எண்ணைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது.

இதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஒரு சமூகத்தின் பத்திரிகைகளில் புதைந்து கிடந்ததை எடுத்து, மறுக்க முடியாத வடிவில் வைத்தார்கள். ஆனால் இதை ஈடு என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சேர்த்திருப்பது லீக் ஆட்டங்களை மட்டும். பிஸ்மார்க் சேராது. டிஸ்ஸி டீனோடு ஆடியது சேராது. ஆலை ஊர்களில் பஸ் இறங்கி மூன்று இன்னிங்ஸ் எறிந்தது சேராது. சேர்க்கவும் முடியாது; கணக்குக்கு வரம்பு வேண்டும் என்பது நியாயம்தான். அந்த நியாயத்தை ஏற்கும்போதே, எந்த ஆட்டம் ‘ஆட்டம்’ என்ற வரையறையைச் செய்தவர்கள் யார் என்பதையும் மறக்காமல் இருக்க வேண்டும். விலக்கப்பட்டதால் ஏற்பட்ட வாழ்க்கை வடிவத்தை, விலக்கியவர்களின் அட்டவணையில் பெயர்த்து எழுதினால், அட்டவணைக்குப் பொருந்துவது மட்டும்தான் மிஞ்சும்.

28-க்கும் 125-க்கும் இடையே உள்ள 97-ஐ ஆராய்ச்சி மீட்டுக் கொடுத்தது. 125-க்கும் 2000-க்கும் இடையே உள்ளதை எந்த ஆராய்ச்சியும் மீட்காது. அதில் பாதி பொய்யாக இருக்கலாம், பாதிக்கு மேலும் இருக்கலாம். அந்த இடைவெளியைப் பொய் என்று மூடிவிடுவதோ, காவியம் என்று நிரப்பிவிடுவதோ சுலபம். இரண்டும் செய்யாமல், இங்கே ஒருவர் உழைத்தார், எண்ணப்படவில்லை என்று வெறுமனே எழுதி வைப்பது கடினம். சரித்திரம் எழுதுபவன் செய்யவேண்டியது அந்தக் கடினமான காரியத்தைத்தான்.